குன்றுக்குள் இருப்பவர்கள்: வரலாற்றுக் காதல் நாவல்களும் தேவதை நம்பிக்கையும்

பழைய ஸ்காட்லாந்தையும் அயர்லாந்தையும் களமாகக் கொண்ட காதல் நாவல்களில் கதாநாயகி தேவதைகளையும் மந்திரத்தையும் நம்புகிறாளே, அது அக்காலத்து உண்மையா, அல்லது கதைக்கு மணம் கூட்ட எழுத்தாளர் சேர்த்த வாசனைப் பொடியா என்று கேட்டிருக்கிறீர்கள். மந்திரம் உண்மையிலேயே பலித்துவிடும் ஒரு கதையை வரலாற்று நாவல் என்று அழைக்கலாமா என்பது உங்களுடைய இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்குப் பதில்: நம்பினார்கள், உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு நம்பினார்கள், ஆனால் அந்த நாவல்களில் வரும் பெண்கள் நம்புகிற விதத்தில் நம்பவில்லை. அந்த விதம் எது என்பதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். 'தேவதை' என்று எழுதியவுடனேயே நம் மனக்கண்ணில் வெள்ளை உடையும் சிறகும் கையில் நட்சத்திரக் கோலும் வந்து நின்றுவிடுகின்றன. கேலிக் மொழி பேசிய ஸ்காட்லாந்தின் மலைநாட்டார் 'ஷீ' மக்கள் என்று குறிப்பிட்டவர்களுக்குச் சிறகே கிடையாது. ஏறக்குறைய மனித உருவம், பல இடங்களில் பச்சை நிற உடை, புல் மூடிய குன்றுகளுக்குள் வீடு, ஆடுமாடு, விருந்து, குடும்பம், சண்டை எல்லாம் அவர்களுக்கு உண்டு. சிறகு ஒட்டியது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி ஓவியர்களும், பின்னர் விக்டோரியா காலத்து மேடை நாடகங்களும் சிறுவர் புத்தகங்களும் செய்த வேலை. நம் சொற்களில் தேடினால் மோகினி கொஞ்சம் நெருங்கி வருகிறாள், ஆனால் மோகினிக்கு மாட்டுத் தொழுவம் கிடையாது. ஆகவே 1740-இல் நடப்பதாகச் சொல்லப்படும் கதையில் ஓர் இடையன் மகள் பூவிதழ் மேல் அமர்ந்த விரல் உயரப் பெண்ணைக் கனவு கண்டால், அவள் நூறு ஆண்டு கழித்து வரப்போகும் படப்புத்தகத்தை முன்கூட்டியே வாசித்துவிட்டாள் என்றுதான் கொள்ள வேண்டும். இன்னொன்று, அவர்களுடைய பெயரை வாய்விட்டுச் சொல்லவே மக்கள் தயங்கினார்கள். 'நல்ல அயலார்', 'நல்லவர்கள்', 'அமைதி மக்கள்' என்றுதான் சொன்னார்கள். நாகத்தை 'நல்ல பாம்பு' என்று அழைக்கும் நமக்கு இந்த மரியாதை எங்கிருந்து வருகிறது என்று விளக்கத் தேவையில்லை.

அந்த அயலார் எப்படித் தோன்றினார்கள் என்பதற்கு ஒரு சாட்சியம் இருக்கிறது. எயர்ஷயரைச் சேர்ந்த பெஸி டன்லப் என்ற பெண் 1576-இல் சூனியக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டாள். மூலிகை கொடுத்து நோய் தீர்ப்பதும், களவு போன பொருள் இருக்குமிடம் சொல்வதும் அவள் செய்துவந்தவை. இவற்றையெல்லாம் தனக்குச் சொல்லிக் கொடுத்தவர் டாம் ரீட் என்றும், அவர் 1547-இல் பிங்கி போரில் இறந்துபோனவர் என்றும் அவள் வாக்குமூலம் கொடுத்தாள். அதில் ஓர் இடம் என்னை எப்போதும் நிறுத்திவிடும். பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது ஒரு பருத்த பெண் உள்ளே வந்து, பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து, குடிக்க ஏதாவது கொடு என்று கேட்டாளாம், பெஸியும் கொடுத்தாளாம், அந்தக் குழந்தை பிழைக்காது, ஆனால் நோயில் கிடக்கும் உன் கணவன் தேறிவிடுவான் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாளாம். வந்தவள் தேவதைகளின் அரசி என்று டாம் பிறகுதான் சொன்னார். பொன்முடியும் இல்லை, நிலவொளியும் இல்லை. தாகத்தோடு வந்த ஒரு தடித்த அம்மாள், கையோடு ஒரு சாவுச் செய்தி. எந்தக் காதல் நாவலிலும் இப்படி ஓர் அரசியை நான் சந்தித்ததில்லை. பெஸி குற்றவாளி என்று தீர்ப்பாகி எரிக்கப்பட்டாள்.

இத்தகைய நம்பிக்கை எழுத்தறியாதவர்களோடு நின்றுவிட்ட ஒன்று என்று எண்ணிவிட வேண்டாம். அபர்ஃபாயில் ஊரின் திருச்சபைப் போதகரான ராபர்ட் கிர்க், விவிலியத்தின் சங்கீதங்களைக் கேலிக் மொழியில் செய்யுளாக்கி 1684-இல் வெளியிட்ட கல்விமான். அவரே 1690-களின் தொடக்கத்தில் தம் சபையாரிடமும் 'இரண்டாம் பார்வை', அதாவது பிறர் கண்ணுக்குப் படாததைக் காணும் திறன், உடையவர்களிடமும் கேட்டறிந்தவற்றைத் தொகுத்து, குன்றுவாசிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர்கள் மனிதருக்கும் வானதூதருக்கும் இடைப்பட்டவர்கள். உறைந்த மேகம் போன்ற உடல் கொண்டவர்கள். அந்தி நேரத்தில்தான் நன்றாகத் தெரிவார்கள். ஆண்டின் ஒவ்வொரு காலாண்டிலும் இடம் பெயர்வார்கள் என்று ஒரு நாட்டு மக்களைக் கணக்கெடுக்கும் அதிகாரியின் நிதானத்தோடு எழுதிச் செல்கிறார். காலாண்டின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலைநாட்டார் தவறாமல் கோயிலுக்கு வந்து, பயிரையும் மாட்டையும் தங்களையும் அந்த அலையும் கூட்டத்தின் அம்புகளிலிருந்து காத்துக்கொள்வார்கள் என்றும், அடுத்த காலாண்டு வரை அவர்கள் முகத்தையே பார்க்க முடியாது என்றும் சொல்கிறார். ஒரு போதகர் இதை எந்த முகத்தோடு எழுதியிருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். கிர்க்குக்கு இது மூடநம்பிக்கை அல்ல. ஆவிகளே இல்லை என்று சொல்லத் தொடங்கிய நாத்திகர்களுக்கு எதிரான சான்று. வேதியியலாளர் ராபர்ட் பாயில்கூட அந்தக் காலத்தில் மலைநாட்டின் 'இரண்டாம் பார்வை' பற்றி விசாரித்துக் குறிப்பெடுத்தார். 1690-இல் படித்த நாயகன் ஒருவன் தேவதைகளைப் பற்றித் தீவிரமாகப் பேசினால் அது பொருந்தும். அவன் அறிவாளி என்பதற்காக அவனை ஏளனம் செய்ய வைப்பதுதான் பிற்காலத்து மனப்பான்மை.

காலம் மாறும்போது அதே நம்பிக்கைக்குக் கிடைக்கும் பரிசும் மாறுகிறது. நாவலாசிரியர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஸ்காட்லாந்தின் சூனியத் தடைச் சட்டம் 1563-இல் வந்தது. அதன் கீழ், 'குன்றிலிருந்து கற்றேன்' என்று ஒரு மருத்துவச்சி சொன்னால் அந்த வாய்மொழியே அவளைச் சிதைக்கு அனுப்பப் போதுமானது. 1662-இல் ஆல்டர்ன் ஊரின் இஸபெல் கௌடி, குன்றுக்குள் போய்த் தேவதைகளின் அரசியிடம் உணவு உண்டதாகச் சொன்னதும் சூனிய வழக்கின் வாக்குமூலத்தில்தான். 1735-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. அதன்பின் சூனியம் குற்றமில்லை, சூனிய சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொள்வதுதான் குற்றம். அதாவது மருத்துவச்சி இப்போது மோசடிக்காரி. 1773-இல் சாமுவேல் ஜான்சன் மலைநாட்டுத் தீவுகளுக்குப் போய் 'இரண்டாம் பார்வை'யைத் துருவித் துருவி விசாரித்து, உறுதியாக நம்ப முடியாவிட்டாலும் நம்ப மனம் இருக்கிறது என்ற நிலையில் திரும்பினார். 1802-இல் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப்புறக் கதைப்பாடல்களை அச்சிட்டபோது அந்த மருத்துவச்சி நாட்டுப்புறக் கலையின் கருவூலம் ஆகிவிட்டாள். பாடல்கள் பலவற்றைச் சொன்ன மார்கரெட் லெய்ட்லாவோ, பாடுவதற்கென்று இருந்தவற்றை அச்சில் ஏற்றிக் கெடுத்துவிட்டீர்கள் என்று ஸ்காட்டையே கடிந்துகொண்டார். அவருடைய தந்தை, அந்தப் பக்கத்தில் தேவதைகளோடு பேசிய கடைசி மனிதர் என்று பெயர் பெற்றவர். ஒரே சொல்லுக்கு 1590-இல் நெருப்பு, 1750-இல் ஏளனம், 1805-இல் விருந்தினர் அறையில் நாற்காலி. கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று தெரியாமல் நாயகியின் வாயில் அந்தச் சொல்லை வைக்க முடியாது.

படித்தவர்கள் நாற்காலி போட்டுக் கேட்கத் தொடங்கிய பிறகும் கிராமத்தில் நம்பிக்கை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அது ஒரு கொள்கையாக அல்ல, வீட்டுப் பழக்கமாக வாழ்ந்தது. தொழுவ வாசலில் ரோவன் மரக்கிளை. வெண்ணெய் திரளவில்லை என்றால் யார் கண் பட்டது என்ற யோசனை. பிள்ளை பெற்றவளின் படுக்கையில் ஓர் இரும்புத் துண்டு. வயலில் உழும்போது கிடைத்த கற்கால அம்புமுனைகளைத் தேவதைகள் மாட்டின் மீது எய்த அம்புகள் என்று எண்ணினார்கள். வெள்ளிப்பூண் கட்டித் தாயத்தாக அணிந்தார்கள். இந்தக் காவல்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி இரண்டு இடங்களுக்கே வருகின்றன என்பதைக் கவனியுங்கள்: பால், பிரசவம். குடும்பம் பிழைப்பதும் அழிவதும் இந்த இரண்டில்தான் இருந்தது. குன்றுவாசிகள் நல்ல குழந்தையை எடுத்துக்கொண்டு நோஞ்சானான தங்கள் மாற்றுப்பிள்ளையை வைத்துவிட்டுப் போவார்கள் என்ற எண்ணம், திடீரென்று வளர்ச்சி நின்றுபோன, பேசாத, நடக்காத குழந்தைகளைப் பற்றி அவர்களுக்குக் கிடைத்த ஒரே விளக்கம். அந்த விளக்கம் கொலையிலும் முடிந்தது. 1826-இல் அயர்லாந்தின் கெரி மாவட்டத்தில், நிற்கவும் பேசவும் இயலாத ஒரு சிறுவனை ஆன் ரோச் என்ற மூதாட்டி ஃபிளெஸ்க் ஆற்றில் முக்கினாள்; குழந்தை இறந்தது. அவனுக்குள் இருந்த தேவதையை விரட்டவே முக்கியதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. நடுவர்கள் அவளை விடுவித்தார்கள்.

இதில் உச்சம் பிரிஜெட் கிளியரியின் வழக்கு. இதைத் தெரிந்துகொள்ளாமல் அயர்லாந்துத் தேவதைக் காதல் கதையை யாரும் எழுதக் கூடாது என்பது என் பிடிவாதமான கருத்து. 1895, டிப்பரேரி மாவட்டம், பாலிவாட்லி. பிரிஜெட்டுக்கு வயது 26, தையல்காரி. சொந்தமாகச் சிங்கர் தையல் இயந்திரம் வைத்திருந்தாள், கோழி வளர்த்து முட்டை விற்றாள், நன்றாக உடுத்துவாள், குழந்தை இல்லை. கணவன் மைக்கேல் மிடாத் தொழிலாளி, எழுதப் படிக்கத் தெரிந்தவன். மார்ச் மாதத் தொடக்கத்தில் முட்டை கொடுக்கப் போய்க் குளிர்கண்டு படுத்தாள். மருத்துவர் வந்தார், பாதிரியார் வந்தார், இருவருக்கும் நடுவில், இவள் பிரிஜெட் அல்ல, கைலநக்ரானா குன்றுக்கோட்டையில் இருப்பவர்கள் விட்டுச் சென்ற வேறொருத்தி என்ற பேச்சும் வந்தது. உறவினர்கள் அவளைப் பிடித்துக்கொள்ள, பாலில் காய்ச்சிய மூலிகையை வாயில் திணித்தார்கள். அடுப்பு நெருப்பின் மேல் பிடித்தார்கள். மறுநாள் இரவு, மார்ச் 15 அன்று, மைக்கேல் அவளுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் நீ என் மனைவி பிரிஜெட்தானா என்று கேட்டான். இரண்டு முறை பதில் சொன்னாள். மூன்றாம் முறை தாமதித்தாள். அவளைத் தரையில் தள்ளி, விளக்கிலிருந்த மண்ணெண்ணெயை ஊற்றி எரித்தான். தந்தையும் உறவினரும் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். அதன்பின் கறுப்புப் பிடியுள்ள கத்தியோடு குன்றுக்கோட்டையில் இரவிரவாகக் காத்திருந்தான். உண்மையான பிரிஜெட் வெள்ளைக் குதிரையில் வருவாள், அவளைக் கட்டியிருக்கும் கயிற்றை அறுத்து மீட்டுவிடலாம் என்று. மார்ச் 22 அன்று காவலர்கள் ஆழமற்ற குழியில் உடலைக் கண்டெடுத்தார்கள். கொலையல்லாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு மைக்கேலுக்கு 20 ஆண்டுத் தண்டனை கிடைத்தது. 15 ஆண்டு கழித்து வெளியே வந்து கனடாவுக்குப் போய்விட்டான்.

இவ்வழக்கை ஆராய்ந்தவர்கள், சொந்த வருமானமும் சொந்த மனமும் உடைய ஒரு பெண்ணை அடக்க ஊர் தன் பழைய மொழியைக் கையில் எடுத்தது என்று காட்டுகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. அயர்லாந்துக்குத் தன்னாட்சி கூடாது என்று வாதிட்டவர்கள் இதைப் பத்திரிகைகளில் பயன்படுத்திக்கொண்டது வேறு கதை. நம் விஷயத்துக்கு வேண்டியது அந்த மூன்று முறை கேட்கப்பட்ட கேள்வி. 'நீ மனுஷிதானா, தேவதையா?' என்று நம் திரைப்பாடல்களில் காதலன் கேட்டால் அது புகழ்ச்சி. காதல் நாவலின் நாயகனும் அதே குரலில்தான் கேட்கிறான். ஆனால் அந்தக் கிராமங்களில் ஒரு பெண்ணைப் பார்த்து அப்படிக் கேட்பது குற்றச்சாட்டு. பதில் தாமதமானால் உயிர் போகும். இந்த இரட்டை முனையைத் தெரிந்த எழுத்தாளர் ஒரே வாக்கியத்தில் காதலையும் பயத்தையும் வைத்துவிட முடியும். தெரியாதவர் கொஞ்சலோடு நின்றுவிடுகிறார்.

அப்படியென்றால் காதலுக்கும் குன்றுக்கும் உறவே இல்லையா என்றால், உண்டு, பழமையான உறவு. எல்லைப்புறக் கதைப்பாடலான டாம் லின், 1549-இலேயே பெயர் குறிப்பிடப்பட்ட கதை. கார்ட்டர்ஹா காட்டுக்குப் போகாதே என்ற தடையை மீறி ஜேனட் போகிறாள், ரோஜாவைப் பறிக்கிறாள், காட்டுக்குக் காவலாக நிற்கும் டாம் லினைச் சந்திக்கிறாள், கருவுறுகிறாள். அவன் மனிதன்தான், வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தவனை அரசி எடுத்துக்கொண்டாள். ஏழாண்டுக்கு ஒருமுறை குன்று நரகத்துக்குச் செலுத்தும் வரியாக இம்முறை தன்னையே கொடுத்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறான். ஹாலோவீன் நள்ளிரவில் தேவதைகளின் ஊர்வலம் போகும்போது, வெள்ளைக் குதிரையில் வருபவனை அவள் இழுத்துத் தழுவ வேண்டும். அவன் பாம்பாவான், கொடிய விலங்காவான், பழுக்கக் காய்ச்சிய இரும்பாவான். என்ன ஆனாலும் கையை விடக் கூடாது. அவள் விடவில்லை. நம் காலத்துக் காதல் நாவலின் எலும்புக்கூடு முழுதும் இதில் இருக்கிறது: தடை, காடு, அயலான், மீட்பு. ஆனால் மீட்பவள் பெண்; விலை கொடுக்கப்படுகிறது; அவனை இழந்த தேவதை அரசி கடைசியில் சாபமிட்டுவிட்டுத்தான் போகிறாள். மைக்கேல் கிளியரி வெள்ளைக் குதிரைக்காகக் காத்திருந்த இரவை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் ரோமம் சிலிர்க்கும்.

உங்கள் நாவல்களில் நாயகன் பெரும்பாலும் பிரபுவாக இருப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். மாளிகைகளில் இந்த நம்பிக்கை பொருள்களில் தங்கியிருந்தது. ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டையில் மெக்லியாட் குலத்தார் பாதுகாத்துவரும் தேவதைக் கொடி, நைந்துபோன ஒரு பட்டுத்துணி. ஆபத்தில் விரித்தால் குலம் காக்கும் என்பது மரபு. கம்பர்லாந்தின் மஸ்கிரேவ் குடும்பத்தார் வைத்திருந்த ஈடன்ஹால் கண்ணாடிக் கோப்பை உடைந்தால் குடும்பத்தின் நற்பேறு போய்விடும் என்று சொல்லப்பட்டது. தேவதைகள் விட்டுச் சென்றதாகக் கதை. அது உண்மையில் 14-ஆம் நூற்றாண்டுச் சிரியா நாட்டு வேலைப்பாடு. இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உடையாமல் இருக்கிறது. பிரபு ஒருவர் மாட்டுக்காரனின் பயத்தைக் கேலி செய்துவிட்டு, அன்று மாலை கோப்பையைத் துடைக்கும் பணிப்பெண்ணைப் பதறிப்போய் அதட்டுவது வரலாற்றுக்கு முற்றிலும் பொருந்தும் காட்சி. லண்டன் பக்கமும் பகுத்தறிவு மட்டுமே ஆண்டது என்று எண்ண வேண்டாம்: 1814-இல் 64 வயது ஜோனா சவுத்காட் தெய்வக் குழந்தையைச் சுமப்பதாக அறிவித்தபோது ஏராளமானோர் நம்பினார்கள், எசெக்ஸின் ஹேட்லியில் ஜேம்ஸ் மரெல் என்ற மந்திரவாதி 1860-இல் இறக்கும்வரை சூனியம் எடுக்கும் தொழிலை நடத்திவந்தார்.

இனி இரண்டாவது கேள்வி. மந்திரம் உண்மையாகவே நடந்துவிட்டால் அது வரலாற்று நாவலா என்பதைவிட, யாருடைய மந்திரம் நடக்கிறது என்று பார்ப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அக்கால மக்களின் விதிகளின்படியே நடந்தால், அதாவது குன்றுக்குள் உண்டவர் திரும்ப முடியாது, அங்கே ஓர் இரவு இங்கே பல ஆண்டு, இரும்பு எதிரி, கொடுத்த வரத்துக்கு விலை உண்டு என்றால், அந்த நாவல் அவர்களுடைய உலகை உள்ளிருந்து காட்டுகிறது; அதை வரலாற்றுக்கு விரோதம் என்று நான் சொல்ல மாட்டேன். நாயகியின் விருப்பத்துக்கு ஏற்ப ஒளிர்ந்து, சிக்கல் வந்த இடத்தில் கதவு திறந்துவிடும் மந்திரம், 1720-இல் நடப்பதாகச் சொன்னாலும், நம் காலத்தது. உண்மையா இல்லையா என்று கடைசிவரை சொல்லாமல் விடும் மூன்றாவது வழியும் உண்டு. அது எழுதக் கடினம், படிக்கச் சுகம். என் ஓட்டு அதற்கே.

நாவல்களின் நாயகியர் தேவதைகளை விரும்புகிறார்கள். அவர்கள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்குகிறார்கள். அந்த ஏக்கத்துக்கும் ஒரு காலம் உண்டு. 1917-இல் யார்க்ஷயரின் காட்டிங்லி கிராமத்தில் எல்சி ரைட், ஃபிரான்சிஸ் கிரிஃபித்ஸ் என்ற இரு சிறுமியர் காகிதத்தில் வரைந்து வெட்டிய தேவதைகளோடு புகைப்படம் எடுத்தார்கள். 1920-இல் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் அவற்றை மெய்யென்று எழுதினார். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தலைமுறைக்கு, கண்ணுக்குத் தெரியாத ஓர் உலகம் இருப்பது ஆறுதலாக இருந்தது. 1980-களில்தான் அந்தப் பெண்கள் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். பாவாடையும் மலைநாட்டுக் கம்பளியும் உடுத்திய நாயகி பெஸி டன்லப்பைப் போல் அல்ல, கானன் டாயிலைப் போலத்தான் நம்புகிறாள். காலப்பிழை அவளுடைய மனத்தில்தான் இருக்கிறது. உடையில் இருந்தால் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கிர்க் போதகரின் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் 1692-இல், ஊரை ஒட்டிய டூன் குன்றில் உலவப் போனபோது விழுந்து இறந்தார். சவப்பெட்டியில் இருப்பது அவர் உடல் அல்ல, குன்றுவாசிகள் அவரை எடுத்துக்கொண்டார்கள் என்று ஊர் பேசிக்கொண்டது. அவர் ஓர் உறவினருக்குத் தோன்றி, பிறக்கவிருக்கும் தம் குழந்தையின் ஞானஸ்நானத்தன்று தாம் வருவதாகவும், டக்ரேயைச் சேர்ந்த கிரஹாம் தம் உருவத்தின் தலைக்கு மேல் கத்தியை வீசினால் தாம் விடுபடலாம் என்றும் சொன்னாராம். அன்று அவர் தோன்றினார். கிரஹாம் திகைத்துப்போய்க் கத்தியை வீசாமல் நின்றுவிட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தப் போதகர் இல்லத்தில் குடியிருந்த ஓர் இளம்பெண்ணை நாட்டுப்புறவியலாளர் கேத்தரின் பிரிக்ஸ் சந்தித்திருக்கிறார். அப்பெண் பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருந்தாள். அந்த வீட்டில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும்போது கிர்க்கின் நாற்காலியில் யாராவது கத்தியைக் குத்தினால் அவர் இப்போதும் விடுதலையாவார் என்று ஊரில் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே பிரசவத்துக்குள் அங்கே திரும்பிவிட வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.